முக்கோணப் பலகையும் மூன்று கத்தரியும்

1

என் மகன் ஹேமந்துக்குப் பதினைந்தரை வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஓஹாயோ மாநிலத்தில் அந்த வயதிலேயே கார் ஓட்டிப் பழக ஒரு தற்காலிக அட்டை கொடுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் பெற்றவர்களில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்தான். என் வீட்டுக்காரர் முனிரத்தினம் தனக்கு பிபி இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிக் கழன்றுகொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போகும் வழியில், எங்கள் தெரு பெரிய சாலையோடு சேரும் இடத்தில், தலைகீழாக நிற்கும் அந்தச் சிவப்பு முக்கோணப் பலகை வந்தது. அதில் யீல்ட் என்று ஒரே ஒரு சொல். பையன் வேகத்தைக் குறைத்தான், இடதுபக்கம் பார்த்தான், யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். நான் அதற்குள் என் காலடியில் இல்லாத பிரேக்கை இரண்டு முறை மிதித்திருந்தேன்.

"ஸ்டாப் வேற, யீல்ட் வேறம்மா. எத்தினி வாட்டி சொல்றது?" என்றான்.

அவன் ஆறு வயதில் இங்கே வந்தவன். அவன் பேசும் தமிழ் என்னிடமிருந்து போனது, அதாவது ஆந்திர எல்லையில் இருக்கும் சத்தியவேடு பக்கத்துத் தமிழ். அதில் கொஞ்சம் ஓஹாயோ ராகம் ஏறியிருக்கிறது. என்னைத் திட்டும்போது மட்டும் ராகம் இல்லாமல் சுத்தமாக வரும்.

இந்த யீல்ட் என்ற சொல்லோடு எனக்கு ஏழு வருடப் பகை. ஊரில் இருந்தபோது அந்தச் சொல் எனக்கு வேறு மாதிரி பழக்கம். நிலக்கடலை பிடுங்கும்போது நைனா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) "இந்த வாட்டி ஈல்டு இல்ல" என்பார், விளைச்சலைச் சொல்வார். அமெரிக்காவில்தான் அதற்கு வழிவிடுவது, விட்டுக்கொடுப்பது, பணிந்துபோவது என்றெல்லாம் பொருள் இருப்பதைத் தெரிந்துகொண்டேன். வாகன நிறுத்தத்தில் நடப்பவருக்கு யீல்ட் செய்யவும் என்று எழுதியிருக்கும். டிவியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மிச்சமிருக்கும் நிமிடங்களை இன்னொருவருக்கு யீல்ட் செய்வதாகச் சொல்லி உட்காருவார்கள். ஆனால் வீட்டுக்குள் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கத் தம்பதி வாரம் ஒரு சண்டை போடுவார்கள், சுவர் வழியாக எல்லாம் கேட்கும், ஒரு நாளும் அந்தச் சொல் கேட்டதில்லை. இந்த நாட்டில் அது தகரத்தில் குடியிருக்கிற சொல்.

நம் ஊரில் நேர்மாறு. திருப்பதி ரோட்டில் அப்படி ஒரு பலகை இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. ஆனால் வீட்டுக்குள் காலை முதல் அதே பேச்சுத்தான். "சின்னப் பொண்ணு, விட்டுக்குடு" என்று என் அக்கா கோமளாவிடம் அம்மா சொல்லாத நாளில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம், முதல் தோசை, புதுப் பாவாடை எல்லாவற்றையும் அக்கா விட்டுக்கொடுத்தாள். வாங்கிக்கொண்டவள் நான். விட்டுக்கொடுப்பதில் எனக்குப் பயிற்சியே கிடையாது என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் வரப்போவதற்கு அது உதவும்.

2

ஏழு வருடத்துக்கு முன்னால் மாமனார் காரியத்துக்காக முனிரத்தினம் மட்டும் ஊருக்குப் போனார். மூன்று வாரத்தில் திரும்ப வேண்டியவர். விசா முத்திரைக்குப் போன இடத்தில், கூடுதல் பரிசீலனை என்று ஒரு வெளிறிய காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாள் என்று கேட்டதற்கு இணையதளத்தில் பார்க்கச் சொன்னார்களாம். இணையதளத்தில் பரிசீலனையில் இருக்கிறது என்று போட்டிருக்கும். அதை நான் இங்கிருந்தும் அவர் அங்கிருந்தும் தினமும் பார்த்தோம். ஐந்து மாதம் அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

கொலம்பஸ் நகரத்தில் நானும் ஒன்பது வயதுப் பையனும் மட்டும். பால் வாங்க வேண்டுமென்றால் கார் வேண்டும். ஊரில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனியில் நான் வேலை பார்த்த காலத்தில் கம்பெனி பஸ் வாசலுக்கு வரும், அதனால் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டேன்.

முதல் தேர்வில் யீல்ட் பலகை வந்ததும் நான் முழுசாக நின்றேன். சாலையில் வந்த காருக்கு, நீங்கள் போங்கள் என்று கையசைத்தேன். அது போனதும் தூரத்தில் வந்த இன்னொன்றுக்கும் காத்திருந்து கையசைத்தேன். விருந்தாளிக்கு முதலில் இலை போடுகிற பழக்கம், கை தானாகவே எழுந்தது. எனக்குப் பின்னால் ஐந்து கார்கள் சேர்ந்துவிட்டன. பக்கத்தில் இருந்த தேர்வதிகாரி அம்மாள் நல்ல மாதிரி. திரும்பி வந்து இறங்கும்போது, நீங்கள் ரொம்ப மரியாதைக்காரி, ஆனால் உங்களுக்குப் பின்னால் நின்றவர்களுடைய நேரத்தையும் சேர்த்துத் தானம் செய்துவிட்டீர்கள், அது உங்களுடையது அல்ல என்றார். தோல்வி.

அன்று மதியம் அக்காவிடம் போனில் அழுதேன். அவள் திருச்சானூரில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, வீட்டு மாடியில் நாலு அறை கட்டி யாத்திரை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறாள். "நம்மூர்ல ஷேர் ஆட்டோ இன்னா பண்றான், பாத்துக்கினுதானே வளந்த? மூக்க உள்ள வுட்டா அவனே நிப்பான்" என்றாள். அடுத்த தேர்வில் மூக்கை உள்ளே விட்டேன். அதே அம்மாள் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அதுவும் தோல்வி. மூன்றாவது முறை தேறியதற்கு, அந்த நேரத்தில் அந்தச் சாலையில் யாருமே வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

3

அந்த ஐந்து மாதத்தில் நான் இன்னொன்றும் செய்தேன். திருப்பதிக்காரி வேறு என்ன செய்வேன்? மொக்கிக்கொண்டேன். நேர்த்திக்கடனை எங்கள் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்து மொக்கு என்போம். அவர் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டால் என் பையனின் முடியை மலையில் இறக்குகிறேன் சாமி என்று, அடுப்படியில் நின்று மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வைத்தேன்.

ஏன் பையனின் முடி? இந்தக் கேள்வியை வெகுநாள் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. எனக்கு அப்போது இடுப்புக்குக் கீழே சடை தொங்கும். கல்லூரியில் என் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்தச் சடை தெரியும். அதைக் கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான் உண்மை. ஒன்பது வயதுப் பையனுக்கு முடி ஒரு பொருட்டா, மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும் என்று நானே கணக்குப் போட்டு, அவனுடையதை எடுத்து நீட்டிவிட்டேன். அவன் பக்கத்து அறையில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

மொக்கிய பதினொன்றாம் நாள் இணையதளத்தில் அந்த வாக்கியம் மாறியது. முனிரத்தினம் வந்து சேர்ந்தார். பிறகு நோய்க்காலம் வந்து விமானங்கள் நின்றன, அது முடிந்ததும் கிரீன் கார்டுக்கான காகிதங்கள் நடுவில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். இப்படியே வருடங்கள் போயின. நான் மறந்தாலும் அக்கா மறக்கவில்லை. ஒவ்வொரு போனிலும் கடைசியாக அந்த மொக்கைப் பற்றிக் கேட்பாள்.

இடையில் பையன் முடி வளர்க்க ஆரம்பித்துவிட்டான். பன்னிரண்டு வயதில் புதுப் பள்ளிக்கூடத்துக்கு மாறியபோது ஒரு வருடம் அவனுக்கு ஒரு சிநேகிதன்கூட இல்லை. மத்தியானச் சாப்பாட்டை நூலகத்தில் தனியாகத் தின்றான் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. முடி தோளைத் தொட்ட பிறகு, பள்ளியில் பாட்டுக் குழு வைத்திருந்த நாலு பேர் அவனைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த முடிக்குத் தேங்காய் எண்ணெய், சீப்பு, தனி ஷாம்பூ எல்லாம் உண்டு. நான் உருட்டி மிரட்டியும் வைக்க முடியாத எண்ணெயை அவனே வாரம் இருமுறை வைத்துக்கொள்கிறான். அவனைப் பார்த்தால் எனக்குக் கல்லூரிக் கால என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும், அதனாலேயே வாயைத் திறக்கவில்லை.

4

இந்த வருடம் கிரீன் கார்டு கைக்கு வந்தது. ஜூன் மாதம் டிக்கெட் போட்டோம். விமானத்தில் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். நானும் அப்படியே விட்டுவிட்டேன். கோழைத்தனம்தான்.

திருச்சானூரில் அவனுக்கு எல்லாமே பிடித்தது, முக்கியமாக ஷேர் ஆட்டோ. மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர், டிரைவருக்கு இரு பக்கமும் இரண்டு பேர், அதற்கு மேலும் ஒரு அம்மா பூக்கூடையோடு வந்து "சர்துகோண்டி" என்று தெலுங்கில் சொன்னால் எல்லாரும் ஆளுக்கொரு விரற்கடை நகர்ந்து இடம் உண்டாக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். இந்த ஊரில் யாரும் யாருக்கும் வழிவிடுவதில்லை, ஆனால் எல்லாருக்கும் இடம் இருக்கிறது என்றான் பையன். நான் சொல்ல நினைத்திருந்தும் சொல்ல வராத விஷயம் அது.

நாலாம் நாள் சாயங்காலம் அக்கா தட்டில் அவனுக்கு முறுக்கு வைத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள். மறுநாள் காலை மலைக்குப் போகிறோம், பையனுக்கு முடி இறக்கிவிட்டு சாமி பார்த்துவிட்டு வரலாம் என்று ஏற்பாட்டைச் சொன்னாள். பையன் முறுக்கைக் கீழே வைத்தான். அப்போதுதான் அது விளையாட்டு இல்லை என்று அவனுக்குப் புரிந்தது.

மாட்டேன் என்றான். முனிரத்தினம் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அக்கா உடனே விலையைக் குறைத்தாள். பெண்கள் மொட்டை போட விருப்பமில்லை என்றால் சம்பிரதாயத்துக்கு மூன்று கத்தரி கொடுப்பார்கள், அதாவது நுனி முடியில் மூன்று இடத்தில் ஒரு வெட்டு, அதோடு சரி. "மூணு கத்தெர குட்தா போதும் நைனா. பையனுங்க குடுக்கற வழக்கம் இல்லதான், சாமி சர்துக்குவாரு" என்றாள் அவனிடம். சாமியையே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

பையன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"மொக்கிக்கினது யாரு?"

"நான்தான்."

"யாரோட முடிய?"

எனக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாதபோது எனக்கு வருவது எப்போதும் கோபம்தான். அப்பா திரும்பி வந்ததே அதனால்தான், உனக்கு அப்பா பெரிசா முடி பெரிசா என்று கத்தினேன். அது நியாயமில்லாத கேள்வி என்பது வாயிலிருந்து வெளியே வரும்போதே தெரிந்தது. அவன் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டான்.

அக்கா முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில், "சின்ன வயசுல எங்கிட்ட எல்லாத்தையும் புடுங்கிக்கினு பழக்கம் உனக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வதிகாரி அம்மாள் சொன்னது ஏழு வருடம் கழித்து அன்றுதான் எனக்கு உறைத்தது. என்னுடையது அல்லாத ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தாராள மனசுக்காரி என்று பெயர் வாங்கப் பார்த்திருக்கிறேன்.

5

மறுநாள் விடிகாலையில் நான் எழுந்தபோது பையன் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னோடு பேசவில்லை. மலைக்கு வர மாட்டேன் என்று அடம்பிடிப்பான் என நினைத்தேன், ஒன்றும் சொல்லாமல் வந்து பஸ்ஸில் ஏறினான். ஈரமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தான்.

முடி இறக்கும் மண்டபத்துக்குப் பெயர் கல்யாணகட்டா. பெண்களுக்குத் தனி வரிசை. பையனையும் அவரையும் வெளியே படிக்கட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். சீட்டை வாங்கிய பிறகுதான் அக்காவுக்கே புரிந்தது.

"மூணு கத்தெரதானே?" என்றாள்.

"முழுசா."

"பாஸ்போர்ட்ல சடையோட இருக்கறயேடி" என்றாள். எனக்கும் அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் வரிசை நகர்ந்துவிட்டது.

முடி எடுக்கும் அம்மா என் வயதுக்காரி. சடையைக் கையில் எடுத்துப் பார்த்து, நிச்சயம்தானா என்று தெலுங்கில் கேட்டாள். மொக்கிக்கொண்டது மகனின் முடி, கொடுப்பது என்னுடையது, சாமி ஒத்துக்கொள்வாரா என்று கேட்டேன். கொடுக்க இஷ்டப்பட்டுக் கொடுத்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்றாள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் இதையே கேட்பார்களோ, சலிக்காமல் சொன்னாள். தண்ணீரைத் தேய்த்து, கத்தியை நடு நெற்றியில் வைத்தாள். முதல் கொத்து மடியில் விழுந்தபோது அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. முப்பது வருடம் சுமந்த எடை பத்து நிமிடத்தில் போய்விட்டது, காற்று நேராகத் தலையில் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் நின்ற அக்கா, "உன் தலை இவ்ளோதானா? முடிய வெச்சிக்கினுதான் இத்தினி நாள் ஏமாத்திக்கினு இருந்தியா?" என்றாள். குளித்துச் சந்தனம் பூசிக்கொள்ளும்வரை இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்ததும் முனிரத்தினம் எழுந்து நின்றுவிட்டார். பையன் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தான். சந்தோஷப்படுவான், ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்றெல்லாம் வரிசையில் நிற்கும்போது நினைத்து வைத்திருந்தேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. சாமி பார்க்கும்போதும், லட்டு வாங்கும்போதும், கீழே இறங்கும்போதும் பேசவில்லை. மொட்டை அம்மாவோடு நடக்கப் பையனுக்கு வெட்கமாக இருக்கிறது என்று முடிவு செய்தேன். உனக்காகத்தானேடா என்று உள்ளே ஒரு பொருமல். மிச்சமிருந்த பத்து நாளும் இட்லி வேண்டும், வேண்டாம் என்ற அளவில்தான் எங்கள் பேச்சு.

6

வெளிநாட்டு விமானத்தில் மொட்டைத் தலைப் பெண்ணுக்குக் கிடைக்கும் உபசாரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பணிப்பெண் கேட்காமலே இரண்டாவது போர்வை கொண்டுவந்தாள். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரப் பாட்டி என் கையைத் தட்டிக்கொடுத்து, தைரியமாக இரு என்றாள். எனக்கு என்ன வியாதி என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பாதி வழியில்தான் புரிந்தது. அதற்குள் ஒரு ஐஸ்கிரீமும் அதிகமாக வாங்கித் தின்றுவிட்டேன்.

சிகாகோவில் குடியேற்ற அதிகாரியின் முன்னால் மூன்று பேரும் நின்றோம். கிரீன் கார்டில் நான் சடையை முன்னால் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருப்பேன். அவர் அட்டையைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். விரல் ரேகை வைக்கச் சொன்னார், அது ஒத்துப்போயிற்று. உடனே குரலைத் தாழ்த்தி, சிகிச்சை நன்றாகப் போகிறதா என்று கேட்டார். பதற்றத்தில் எனக்கு இங்கிலீஷ் கழன்றுவிட்டது. சிகிச்சை இல்லை, கடவுள், கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் முகம் இன்னும் இருண்டுபோயிற்று. கடைசிக் கட்டம் என்று நினைத்திருப்பார். முனிரத்தினம் பின்னாலிருந்து கோயில், கோயில் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து நாளாகச் சரியாகப் பேசாத பையன் முன்னால் வந்தான். அம்மா நன்றாகத்தான் இருக்கிறார், எங்கள் ஊர்க் கோயிலில் முடி காணிக்கை கொடுப்பார்கள், இவர் என் முடியைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார், கடைசியில் தன்னுடையதைக் கொடுத்துவிட்டார் என்று வரிசையாகச் சொன்னான். அதிகாரி அவன் தோளில் கிடந்த முடியைப் பார்த்து, உனக்கு லாபம்தான் தம்பி என்று சிரித்து எங்களை உள்ளே விட்டார். பையன் சிரிக்கவில்லை.

பெட்டிகள் வரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். முனிரத்தினம் தள்ளுவண்டி எடுக்கப் போயிருந்தார். நன்றியாவது சொல்வானா என்று நானே ஆரம்பித்தேன். இப்போது உனக்குத் திருப்திதானே, உன் முடி உன்னிடமே இருக்கிறது என்றேன். குரலில் கொஞ்சம் குத்தலும் இருந்தது.

அவன் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான் குடுக்கலாம்னுதான் வந்தேன். அதுக்குத்தான் கார்த்தால தலைக்கு ஊத்திக்கினேன். படிக்கட்டுல குந்திக்கினு, நீ வந்தா சொல்லலாம்னு இருந்தேன். நீ மொட்டையா வந்து நிக்கற."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேட்டியா? ஒம்போது வயசுல, குடுப்பான்னு நீயே சொல்லிட்ட. இப்ப, குடுக்க மாட்டான்னும் நீயே முடிவு பண்ணிட்ட. ரெண்டு வாட்டியும் என்னைக் கேக்கவே இல்ல."

பெட்டிகள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. எங்களுடையதும் ஒரு சுற்று போயிருக்கும், நான் கவனிக்கவில்லை. இதுவரை யாரும் என்னிடம் இவ்வளவு சரியாகச் சண்டை போட்டதில்லை. அவ்வளவு பெரியவனாகிவிட்டான் என்பதில் பெருமையாகவும் இருந்தது. எங்கள் பக்கம் நைனா என்பது அப்பாவைக் கூப்பிடும் சொல், பாசம் மீறினால் பிள்ளைகளையும் அப்படிக் கூப்பிடுவோம். அவன் குழந்தையாக இருந்தபோது அப்படிக் கூப்பிட்டதுதான், அதற்குப் பிறகு இல்லை.

"இனிமே கேக்கறேன் நைனா" என்றேன்.